அக்காவுக்கு எம்.எஸ்., என் மரபணு அறிக்கையிலும் "ஆபத்து" என்று வந்திருக்கிறது: எனக்கும் வருமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 27 வயது. பெற்றோர் யாழ்ப்பாணம், நீங்கள் பிறந்து வளர்ந்தது டொராண்டோவில். மூன்று வருடங்களுக்கு முன்னால் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (எம்.எஸ்., உடம்பின் நோயெதிர்ப்பே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். பயத்தில் நீங்கள் எச்சில் மாதிரி அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்து, அதன் மூலத் தரவை வேறொரு இணையதளத்தில் ஏற்றிப் பார்த்திருக்கிறீர்கள். "ஆர்எஸ்3135388" என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "எம்.எஸ். ஆபத்து 3 மடங்கு" என்று வந்திருக்கிறது. அடுத்த வருடம் கல்யாணம். கேள்வியாக நீங்கள் எழுதியது "எம்.எஸ்.ஸுக்கு மரபணுக் காரணங்கள் என்னென்ன" என்பதுதான். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ளத் தவிப்பது வேறு: எனக்கு வருமா, எனக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் போகுமா, "என் பக்கத்தாலதான் வந்தது" என்று அம்மா அழுவதில் உண்மை இருக்கிறதா.

நான் மரபணு ஆலோசகர். நரம்பு நோயுள்ள குடும்பங்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். நோயைக் கண்டறிவதும் மருந்து கொடுப்பதும் நரம்பியல் மருத்துவரின் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு எம்.எஸ். என்றால் மற்றவர்களுக்கு என்ன என்பதும், இந்த மாதிரி அறிக்கைகளை எப்படிப் படிப்பது என்பதும் என் அன்றாட வேலை. நேரடியான பதில் இதுதான்: உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், ஆனால் வராமல் இருக்கும் வாய்ப்புதான் மிகமிக அதிகம். அந்தச் சிவப்பு வரி இதில் பெரிய மாற்றம் எதையும் செய்துவிடவில்லை. ஏன் என்று விளக்குகிறேன்.

எம்.எஸ். குடும்பங்களில் சேர்ந்து வருகிறது என்பது நெடுங்காலமாகத் தெரியும். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தொற்றுக்கிருமிகள் என்பதால் அப்படி வருகிறதா, அல்லது ரத்த உறவால் வருகிறதா என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதைப் பிரித்துக் காட்டியதில் கனடாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜார்ஜ் ஈபர்ஸ், டெசா சடோவ்னிக் ஆகியோரின் குழு நாடு முழுவதும் உள்ள எம்.எஸ். கிளினிக்குகளிலிருந்து குடும்ப விவரங்களைத் திரட்டியது. 1986-ல் வெளியான அவர்களது இரட்டையர் ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிரிந்த 27 இரட்டையர் ஜோடிகளில் 7 ஜோடிகளில் இருவருக்குமே எம்.எஸ். இருந்தது. இரு கருவாக உண்டான 43 ஜோடிகளில் ஒரே ஒரு ஜோடியில்தான் அப்படி. அப்புறம் 1995-ல் தத்தெடுக்கப்பட்டவர்களைப் பார்த்தார்கள். எம்.எஸ். உள்ள ஒருவரோடு சிறுவயதிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்தும் ரத்த உறவு இல்லாதவர்களுக்கு, தெருவில் போகும் யாருக்கும் இருக்கும் அளவு ஆபத்துதான் இருந்தது. குடும்பத்துக்குள் சேர்ந்து வருவதற்குக் காரணம் மரபணு என்பது இதில் உறுதியாயிற்று. அக்காவோடு ஒரே அறையில் தூங்கியதாலோ ஒரே தட்டில் சாப்பிட்டதாலோ உங்களுக்கு எதுவும் கூடிவிடவில்லை.

அதே இரட்டையர் ஆய்வை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். மரபணு முழுதும் ஒன்றாக இருக்கும் இரட்டையரிலேயே, ஒருவருக்கு எம்.எஸ். வந்தால் மற்றவருக்கு வருவது நாலில் ஒருவருக்குத்தான். பிற்பாடு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அதைவிடக் குறைவாகவும் வந்திருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில், ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத இரட்டைச் சகோதரிகளின் மரபணுத் தொகுப்பை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். நோய்க்கான விளக்கமாக ஒரு வித்தியாசம்கூடக் கிடைக்கவில்லை. மரபணு தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. உடன்பிறந்தவர் என்ற வகையில் உங்களுக்கான வாழ்நாள் வாய்ப்பு, பெரும்பாலான ஆய்வுகளின்படி 2 முதல் 3 சதவீதம். அதாவது எம்.எஸ். உள்ளவர்களின் தங்கை தம்பிகள் 100 பேரை நிறுத்தினால், 97 பேருக்கு வாழ்நாள் முழுதும் இந்த நோய் வராது. எம்.எஸ். பெண்களுக்கு ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வருகிறது என்பதால் தங்கைக்குத் தம்பியைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். இந்த எண்களெல்லாம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, எந்த மரபணு? எல்லாவற்றிலும் கனமானது ஆறாவது குரோமோசோமில், நோயெதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருக்கும் எச்.எல்.ஏ. பகுதி. இதை 1970-களின் தொடக்கத்திலேயே கண்டுவிட்டார்கள். அதில் ஆபத்தைக் கூட்டும் வகையை இன்று டி.ஆர்.பி.1*15:01 என்ற துல்லியமான பெயரில் குறிக்கிறோம், பேச்சில் டி.ஆர்.15 என்போம். இந்த மரபணு செய்யும் புரதத்தின் வேலை, உடம்புக்குள் வந்த கிருமியின் துண்டுகளைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதுபோல டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுவது. தாம்பாளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், அதில் எந்தத் துண்டு பொருந்தி உட்காரும் என்பதும் மாறும். டி.ஆர்.15-இன் வடிவத்தில் சில துண்டுகள் உட்காரும்போது, டி செல்கள் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையையே எதிரியாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அது எந்தத் துண்டு என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இதே பகுதியில் எச்.எல்.ஏ.-ஏ*02 என்ற இன்னொரு வகை இருக்கிறது, அது ஆபத்தைக் குறைக்கிறது. இத்தாலியின் சார்டீனியா தீவில் எம்.எஸ். மிக அதிகம், ஆனால் அங்கே முன்னால் நிற்பவை டி.ஆர்.3, டி.ஆர்.4 வகைகள். 2024-ல் பழைய எலும்புகளின் மரபணுவை வைத்து வெளியான ஆய்வு, டி.ஆர்.15 வட ஐரோப்பாவுக்குள் வந்தது ஏறக்குறைய 5,000 வருடங்களுக்கு முன்னால், கருங்கடலுக்கு வடக்கேயிருந்து கால்நடைகளோடு நகர்ந்து வந்த யம்னாயா மக்களோடு என்று காட்டியது. கால்நடைகளிலிருந்து தொற்றும் நோய்களை எதிர்க்க அன்று இது உதவியிருக்கலாம் என்கிறார்கள். அந்தக் கடைசிப் பகுதி ஊகம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த ஊகம். வருகிறவர்களிடம் இதைச் சொல்வேன், ஏனென்றால் "கெட்ட மரபணு" என்ற எண்ணம் அதோடு கொஞ்சம் தளரும்.

எச்.எல்.ஏ.வுக்கு வெளியே 2007 வரை நிச்சயமாக எதுவும் பிடிபடவில்லை. அந்த வருடம் ஐ.எல்.7.ஆர்., ஐ.எல்.2.ஆர்.ஏ. என்று இரண்டு மரபணுக்கள் வந்தன. பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்த சர்வதேசக் கூட்டமைப்பு 2011-ல் அந்தப் பட்டியலை ஐம்பதுக்கு மேல் கொண்டுபோனது. 2019-ல் அது வெளியிட்ட ஆய்வில் எம்.எஸ். உள்ளவர்கள் 47,429 பேர், இல்லாதவர்கள் 68,374 பேர். கிடைத்தவை மொத்தம் 233 மாற்றங்கள்: 32 எச்.எல்.ஏ. பகுதியில், 200 அதற்கு வெளியே, எக்ஸ் அல்லாத குரோமோசோம்களில், ஒன்றே ஒன்று எக்ஸ் குரோமோசோமில். எச்.எல்.ஏ.வுக்கு வெளியே உள்ள ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் 10, 20 சதவீதம். இவை அத்தனையும் சேர்ந்தும் மரபுவழிப் பங்கில் ஏறக்குறைய பாதியைத்தான் விளக்குகின்றன. ஆனால் ஒன்று மிகத் தெளிவாகத் தெரிந்தது. இந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்யும் இடம் நோயெதிர்ப்புச் செல்கள். டி செல், பி செல், மூளைக்குள்ளேயே இருக்கும் மைக்ரோகிளியா, இவைதான். நரம்புச் செல்லில் அப்படித் தெரியவில்லை. எம்.எஸ். தொடங்குவது நோயெதிர்ப்பில், அடி வாங்குவதுதான் நரம்பு.

மரபணு ஆராய்ச்சி நோயாளிக்கு நேராக உதவும் இடத்துக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் நகர மனமில்லை. டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்துக்கு நன்றாக வேலை செய்கின்றன. எம்.எஸ்.ஸுக்கும் உதவும் என்று நினைத்து 1990-களில் சோதித்தபோது, அந்த வகை மருந்து நோயைக் கூட்டிவிட்டது. ஏன் என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. 2012-ல், எம்.எஸ். ஆபத்தைக் கூட்டும் டி.என்.எஃப்.ஆர்.எஸ்.எஃப்.1.ஏ. மரபணு மாற்றம் உடம்புக்குள் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஒரு துண்டுப் புரதத்தை உண்டாக்குகிறது என்று கண்டார்கள். உங்களுக்கும் இதில் ஒரு பயன் இருக்கிறது. நாளைக்கு மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ குடல் அழற்சிக்கோ யாராவது டி.என்.எஃப். தடுப்பு மருந்து எழுதினால், அக்காவுக்கு எம்.எஸ். இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் அறிக்கை. ஆர்எஸ்3135388 என்பது டி.ஆர்.15 மரபணு அல்ல, அதன் அருகில் இருக்கும் ஓர் அடையாளப் புள்ளி. ஐரோப்பியர்களில் இந்தப் புள்ளியில் குறிப்பிட்ட எழுத்து இருந்தால் பக்கத்தில் டி.ஆர்.பி.1*15:01 இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். நம் மக்களிடம் 15:01-ஓடு 15:02-வும் சாதாரணமாகக் காணப்படும் வகை, அதனால் ஐரோப்பியரிடம் பொருந்திய புள்ளி நம்மிடமும் அதே துல்லியத்தோடு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முறையான எச்.எல்.ஏ. பரிசோதனை செய்யாமல் உங்களிடம் 15:01 இருக்கிறது என்றே நான் எழுதித் தர மாட்டேன். இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். "3 மடங்கு" என்பது எதைப்போல 3 மடங்கு? எம்.எஸ். உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் கனடாவும் ஒன்று, 90,000 பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டிலும் அது ஆயிரத்தில் 2 முதல் 3 பேர்தான். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நாலில் ஒருவரிடம் டி.ஆர்.15 இருக்கிறது, அவர்களில் 100-க்கு 99 பேருக்காவது எம்.எஸ். வருவதில்லை. மறுபுறம், எம்.எஸ். உள்ளவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்களிடம் அந்த மரபணுவே இல்லை. இப்படிப்பட்ட ஒன்றை வைத்து ஒரு தனி ஆளைப் பார்த்து வரும், வராது என்று சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான மாற்றங்களைக் கூட்டிக் கணக்கிடும் மதிப்பெண்களும் அப்படித்தான், அவை ஐரோப்பியத் தரவில் பழக்கப்பட்டவை என்பதால் நமக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும். "அக்காவுக்கு எம்.எஸ்." என்ற ஒற்றை வாக்கியம் அந்த அறிக்கையைவிட அதிகம் சொல்கிறது.

தெற்காசியாவில் எம்.எஸ். குறைவு. மங்களூரில் செய்த கணக்கெடுப்பில் லட்சத்தில் ஏறக்குறைய 8 பேர் என்று வந்தது. ஆனால் அதை வைத்து "நமக்கு வராது" என்று இங்கே பிறந்தவர்கள் நினைத்துவிடக் கூடாது. 1990-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து குடியேறியவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளிடம் எம்.எஸ். விகிதம் உள்ளூர்க்காரர்களின் விகிதத்துக்கு அருகில் போய்விட்டதைக் காட்டியது. ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது வளர்ந்த சூழல்.

அந்தச் சூழலில் மிகப் பெரிய துண்டு எப்ஸ்டைன்-பார் வைரஸ். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிப் பேரின் ரத்த மாதிரிகளை இருபது வருடங்களாகப் பின்தொடர்ந்த ஹார்வர்டு குழு, இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு ஏறுகிறது என்று 2022-ல் காட்டியது. எந்த மரபணுவும் இதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் பெரியவர்களில் 100-க்கு 95 பேர் இந்த வைரஸைச் சுமப்பவர்கள்தான், தடுப்பூசியும் இன்னும் வரவில்லை, ஆகவே இதைத் தவிர்க்க நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. புகை அப்படியில்லை. சுவீடனில் செய்த ஆய்வில், டி.ஆர்.15 இருந்து, பாதுகாக்கும் ஏ*02 இல்லாமல், புகையும் பிடிப்பவர்களுக்கு ஆபத்து 13 மடங்குக்கு மேல் போயிற்று. மரபணுவும் பழக்கமும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. அடுத்தவர் புகையும் கணக்கில் சேரும். பதின்ம வயதில் உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டுகிறது, அக்காவுக்குக் குழந்தைகள் இருந்தால் இதை மனதில் வைக்கலாம்.

அக்காவைப் பார்த்து "எனக்கு வந்தாலும் இப்படித்தான் ஆகுமோ" என்று எழுதியிருந்தீர்கள். ஆகவேண்டியதில்லை. நோய் வருவதற்கான மரபணுக்களும், வந்தபின் அது எவ்வளவு கடுமையாகும் என்பதற்கான மரபணுக்களும் வேறு வேறு. டி.ஆர்.15 இருப்பவர்களுக்கு நோய் மோசமாகப் போகிறது என்று காட்டமுடியவில்லை. 2023-ல்தான் கடுமையோடு தொடர்புடைய முதல் மரபணு இடம் உறுதியாகக் கிடைத்தது. அதை அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு நடக்கக் கைத்தடி தேவைப்படும் நிலை ஏறக்குறைய 4 வருடங்கள் முன்னதாக வருகிறது. அந்த இடத்தின் அருகில் உள்ள மரபணுக்கள் வேலை செய்வது மூளையிலும் தண்டுவடத்திலும். அடியைத் தாங்கும் சக்தி நரம்புக்கு எவ்வளவு என்பது சம்பந்தப்பட்ட விஷயம் அது. இதை யாருக்கும் பரிசோதனையாகச் செய்வதில்லை, செய்தாலும் சிகிச்சை இன்றைக்கு மாறாது.

அம்மாவின் அழுகைக்கு வருகிறேன். தாய்வழியாக ஆபத்து கூடுதலாகக் கடத்தப்படுகிறது என்று கனடாவில் ஒருதாய்ப் பிள்ளைகளையும் ஒருதந்தைப் பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004-ல் சொன்னது. 2006-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு, இல்லை, தந்தைதான் அதிகம் கடத்துகிறார் என்றது. இன்றுவரை இதில் முடிவு இல்லை. 233 மாற்றங்களும் நம் எல்லோரிடமும் கலந்துதான் கிடக்கின்றன. உங்கள் அக்காவிடம் சேர்ந்த கலவையில் பாதி அம்மாவிடமிருந்து வந்தது, பாதி அப்பாவிடமிருந்து. இருவரில் ஒருவரைச் சுட்டிக்காட்ட எந்தப் பரிசோதனையாலும் முடியாது. அம்மாவிடம் இதை அக்கா வாயால் சொல்லவைத்தால் இன்னும் நல்லது. நான் பார்த்த வீடுகளில், நோயுள்ள பிள்ளையே சொன்னால்தான் அம்மாக்கள் நம்புகிறார்கள். "ஒரே மரபணுதான் எம்.எஸ்.ஸைக் கொண்டுவருகிறது" என்ற செய்தியையும் எங்காவது படித்திருப்பீர்கள். 2016-ல் என்.ஆர்.1.எச்.3 என்ற மரபணுவை அப்படி அறிவித்தார்கள். பெரிய தொகுப்பில் தேடியபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு இன்னும் எளிது. உங்களுக்கு நோய் இல்லை, உங்கள் பிள்ளை அக்காவுக்கு இரண்டாம்நிலை உறவு. அந்த உறவில் வாய்ப்பு 1 சதவீதத்தை ஒட்டித்தான். கருவில் பரிசோதிக்க எதுவும் இல்லை, தேவையும் இல்லை. கல்யாணத்துக்கு இது தடையே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்று கேட்டால், அக்காவின் நோய் அக்காவுடைய செய்தி, அவரிடம் கேட்டுவிட்டு, கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் நீங்களே சொல்லுங்கள். அந்த மரபணு வரியை யாரிடமும் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கனடாவில் 2017-ல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்படி, காப்பீட்டு நிறுவனமோ முதலாளியோ உங்கள் மரபணுப் பரிசோதனை முடிவைக் கேட்டு வற்புறுத்த முடியாது. உச்ச நீதிமன்றம் 2020-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் குடும்பத்தில் என்ன நோய் என்று காப்பீட்டுக்காரர் கேட்கலாம், அதை இந்தச் சட்டம் தடுக்காது.

வைட்டமின் டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிறவியிலேயே மரபணுக் காரணமாக டி குறைவாக உள்ளவர்களுக்கு எம்.எஸ். அதிகம் வருகிறது என்று மாண்ட்ரியல் குழு 2015-ல் காட்டியது, ஆகவே குறைபாட்டுக்குப் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். மாத்திரை சாப்பிட்டால் உடன்பிறந்தவருக்கு வராமல் தடுக்குமா என்பது நிரூபணமாகவில்லை. நம் நிறத்துக்கும் இங்கத்தைய குளிர்காலத்துக்கும் டி குறைவது சகஜம் என்பதால், அளவைப் பார்த்துவிட்டுக் குடும்ப மருத்துவர் சொல்லும் சாதாரண டோஸை எடுங்கள். இணையத்தில் சொல்லும் ராட்சத டோஸ்கள் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அறிகுறி இல்லாத தங்கைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் வழக்கம் இல்லை, நானும் பரிந்துரைக்க மாட்டேன். தற்செயலாகத் தெரியும் ஒரு வெள்ளைப் புள்ளி வருடக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்துவிடும். அதைவிட, அக்காவுக்கு அக்வபோரின்-4, எம்.ஓ.ஜி. ஆன்டிபாடி பரிசோதனைகள் செய்தார்களா என்று கேட்டுவையுங்கள். எம்.எஸ். போலவே தோன்றும், இந்தப் பரிசோதனைகளால் பிரித்தறியக்கூடிய என்.எம்.ஓ. (கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) போன்ற நோய்கள் நம் மக்களிடம் முன்பு எம்.எஸ். என்றே எழுதப்பட்டதுண்டு. அவற்றுக்கு மருந்தும் வேறு, குடும்பத்தில் தொடர்வதும் மிக அரிது. உங்களுக்கே எப்போதாவது ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலோ, ஒரு கை, ஒரு கால், அல்லது இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அங்கே முதல் வாக்கியமாக அக்காவுக்கு எம்.எஸ். இருக்கிறது என்று சொல்லுங்கள், அப்போதுதான் உடனே எம்.ஆர்.ஐ.க்கு எழுதுவார்கள்.